மாமியார்மொழி

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது யாராவது போனை நீட்டினால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு கையில் பிளந்து வைத்த கொட்டைச்செடி, இன்னொரு கையில் சீவிய குச்சி, பல்லிடுக்கில் பிளாஸ்டிக் நாடாவின் ஒரு முனை, இந்த நிலையில் "மாமா இதைக் கொஞ்சம் பாருங்க" என்றால் எதைப் பார்ப்பது? வந்தவன் அக்கா மகன். பெங்களூரில் வேலை. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் நம் முன்னோர் யார், எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்கிறார்களாம், ஏதோ ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி அனுப்பியிருக்கிறான், அதற்கு முடிவு வந்துவிட்டது. நீயே படிடா என்றேன். தாய்வழி: எம்2 என்று படித்தான்.

"அப்படின்னா?"

"அதான் தெரியல மாமா. நாம தெலுங்கா தமிழா, அதைச் சொல்லுவாங்கன்னு பாத்தா ஆப்பிரிக்கா, அம்பதாயிரம் வருசம்னு கதை போகுது."

அவன் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்திலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், எழும் சண்டைதான் இது. எங்களுக்குச் சந்தூர்ப் பக்கம், போச்சம்பள்ளி தாலுகா, சாலையின் இரண்டு பக்கமும் மாங்கன்று நர்சரிகளாக இருக்குமே அந்த ஊர். அப்பா வீடு தமிழ். அம்மா பிறந்தது சூளகிரிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு. அம்மாவின் அம்மாவை அவ்வா என்போம். அவர் பிறந்தது பேரிகைப் பக்கம், அதுவும் தெலுங்கு வீடு. ஆனால் அவ்வாவின் அம்மா ஆனேக்கல்லிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், சுத்தக் கன்னடக்காரி. சாதி ஒன்றுதான், பேச்சு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, அவர்கள் சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, பஸ்ஸில் ஒரு மொழி என்று பேசிப் பழகியவர்கள்.

அவ்வா என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி, கன்னடத்தில் அவ்வ என்றால் அம்மா. தமிழில் அது ஔவையாக நிற்கிறது. அந்த ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வீட்டில் மூன்று பேரைக் கூப்பிடுகிறோம்.

ராகிக் களியும் அப்படித்தான். மண்பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் விட்டு, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, அந்தக் குழி வழியாக நீர் கொப்பளித்து மாவு வேகும் வரை காத்திருந்து, அப்புறம் பானையை இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி வைத்தால், எங்கள் வீட்டில் அதற்குக் களி என்று பெயர். சூளகிரியில் அதே உருண்டை சங்கடி. ஆனேக்கல்லில் முத்தே. எங்கள் அம்மா மூன்றையும் சொல்வார், யார் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

அம்மா கல்யாணமாகிச் சந்தூர் வந்தபோது தமிழ் புரியும், பேச வராது. வந்த மூன்றாம் நாள் வாசல் பெருக்க எழுந்து, கண்ணில் பட்ட நாத்தனாரிடம் "சீப்புரு" எங்கே என்று கேட்டிருக்கிறார். தெலுங்கில் சீப்புரு என்றால் விளக்குமாறு. நாத்தனார் உள்ளே போய்த் தலை வாரும் சீப்பை எடுத்து வந்து கொடுத்தாராம். நாற்பது வருடமாக இந்தக் கதை எங்கள் வீட்டில் ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் அம்மா முதல் ஆளாகச் சிரிப்பார். அம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அப்பாவைப் பெற்ற ஆயா. உட்கார வைத்து ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்தார். "நீள்ளு இல்லம்மா, தண்ணி, தண்ணினு சொல்லு." அக்காவும் நானும் பிறப்பதற்குள் அம்மாவின் தமிழ் ஊர்த் தமிழாகிவிட்டது. எண்ணிக்கை ஒன்றுதான் மாறவில்லை. இன்றைக்கும் வியாபாரிக்குக் கன்றுகளை எண்ணி லாரியில் ஏற்றும்போது அம்மா நின்றால், லாபம், ரெண்டு, மூடு, நாலுகு, ஐது என்றுதான் போகும். ஒன்று என்பதற்கு லாபம் என்று தொடங்குவது நம் மூன்று பக்கத்துக்கும் பொது, அதற்கப்புறம்தான் வழி பிரியும்.

சரி, எம்2-வுக்கு வருகிறேன். மருமகன் கிளம்பிப் போன பிறகு பல நாள் ராத்திரி உட்கார்ந்து இதைப் படித்தேன். எனக்குப் படிப்பு தாவரவியலில் ஒரு பட்டம், அவ்வளவுதான். ஆனால் ஒட்டுக் கட்டுகிறவனுக்கு இது அவ்வளவு அந்நியமான சமாச்சாரம் இல்லை.

நம் உடம்பின் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, ஆற்றல் தயாரிக்கிற இடம். அதற்கென்று தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம், மொத்தம் 16,569 எழுத்து. இந்த வளையம் அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைகளுக்கு வரும். அப்பாவின் விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, கரு உண்டானதும் அதை முட்டை அழித்துவிடுகிறது. மகனுக்கும் மகளுக்கும் அம்மாவுடையது கிடைக்கும், அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடிவது மகளால் மட்டும். பல தலைமுறைக்கு ஒருமுறை ஏதாவது ஓர் எழுத்து பிசகும், அந்தப் பிசகு அதற்குப் பின்னால் வரும் எல்லாருக்கும் போகும். அந்தப் பிசகுகளைக் கிளை பார்ப்பதுபோலப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் யார் யார் எந்த அம்மாவிடம் சேர்கிறார்கள் என்று தெரியும். 1987-இல் ரெபேக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் இப்படிப் பார்த்துத்தான் இன்று உயிரோடிருக்கும் மனிதர்கள் எல்லாருடைய தாய்வழியும் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்றார்கள். 147 பேருடைய டிஎன்ஏ, பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தது. நஞ்சுக்கொடி! நாங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆழக் குழி தோண்டிப் புதைத்து, நாய் தோண்டிவிடாமல் மேலே கல் வைக்கிற சங்கதி. அதில் இவ்வளவு பெரிய கதை இருந்திருக்கிறது.

அந்த மரத்தில் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வந்த இரண்டு பெரிய கிளைகளுக்கு எம் என்றும் என் என்றும் பெயர். என் கிளையிலிருந்து பிரிந்தது ஆர். இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்வழி எம் கிளைக்குள் அடங்கிவிடும், தெற்கிலும் பழங்குடிகளிடமும் இன்னும் அதிகம். மருமகனுக்கு வந்த எம்2 அதில் இந்த மண்ணிலேயே கிளைத்த மிகப் பழைய வழிகளில் ஒன்று, பல பத்தாயிரம் ஆண்டு வயது. தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், ஒடியா பேசுகிறவர், முண்டா மொழி பேசும் பழங்குடி, எல்லாரிடமும் இந்த மாதிரிப் பழைய உள்ளூர்த் தாய்வழிகள் கலந்து கிடக்கின்றன. திராவிட மொழிக்குடும்பத்தின் வயது எவ்வளவு? 2018-இல் 20 திராவிட மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு விஷ்ணுப்ரியா கோலிபாகமும் உடன் ஆய்ந்தவர்களும் சொன்ன கணக்கு சுமார் 4,500 ஆண்டு. அவ்வாவின் தாய்வழிக்கு முன்னால் அது நேற்றுப் பெய்த மழை. தெலுங்கும் தமிழும் கன்னடமும் தனித்தனியாகப் பிரிவதற்கு எத்தனையோ காலம் முன்பே எம்2 இங்கே இருந்தது. அப்புறம் "நாம தெலுங்கா தமிழா" என்று அதைப் போய்க் கேட்டால் அது என்ன சொல்லும்?

இந்த இடத்தில்தான் ஒட்டுச்செடி எனக்கு நினைவுக்கு வந்தது. மாங்கூழ் ஆலையிலிருந்து டிராக்டரில் கொட்டை வரும், யார் வீட்டு மரம், என்ன ரகம் என்று ஒன்றும் தெரியாது, அதைப் பாத்தியில் போட்டு முளைக்கவிட்டால் அது கொட்டைச்செடி. தண்டு பென்சில் கனம் வந்ததும் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவரை மாட்டிவிடுவோம். மூன்று வாரத்தில் தளிர் வந்தால் பிழைத்தது. செருகியது பெங்களூராக் குச்சி என்றால் காய் பெங்களூரா, அல்போன்சா என்றால் அல்போன்சா. வாங்குகிறவர் கீழே என்ன வேர் என்று கேட்பதே இல்லை.

உலகத்தில் பல இடங்களில் மொழியும் தாய்வழியும் இப்படித்தான் இருக்கின்றன, வேர் ஒன்று, மேலே ஏறிய பேச்சு ஒன்று. ஐஸ்லாந்து எல்லாரும் சொல்கிற உதாரணம். அங்கே பேசுவது நார்ஸ் வழி வந்த மொழி, முதலில் குடியேறிய ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்கேண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களின் ஒய் குரோமோசோம் சொல்கிறது. ஒய் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. ஆனால் தாய்வழியைப் பார்த்தால் 60 விழுக்காட்டுக்கு மேல் ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கம். கேலிக் மொழி பேசிய பெண்கள், விரும்பி வந்தவர்களும் இருப்பார்கள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் இருப்பார்கள். அவர்கள் பேசிய பேச்சு போய்விட்டது.

நம் நாட்டிலேயே இருக்கிறது. சந்தாலி, முண்டாரி, ஹோ பேசுகிறவர்களின் மொழிக்குடும்பம் ஆஸ்ட்ரோஆசியாட்டிக், அதாவது கம்போடியாவின் கெமர், வியட்நாமியம் இவற்றுக்குச் சொந்தம். அந்த ஆண்களில் பெரும்பகுதியினரிடம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒய் வழி இருக்கிறது. தாய்வழியைப் பார்த்தால் ஏறக்குறைய முழுக்க இந்திய எம்மும் ஆரும்தான். இதே குடும்பத்து மொழி பேசும் மேகாலயாவின் காசி மக்களிடம் கிழக்கத்தியத் தாய்வழியும் நிறைய உண்டு, பெண் வழியில் குலம் எண்ணுகிறவர்கள் அவர்கள் என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்கலாம்.

2011-இல் பீட்டர் ஃபார்ஸ்டர், கொலின் ரென்ஃப்ரூ என்ற இருவர் இந்த மாதிரி உதாரணங்களையெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பகுதியில் எந்த மொழி நிலைக்கிறது என்பது பெரும்பாலும் வந்த ஆண்களின் வழியோடுதான் ஒத்துப்போகிறது, தாய்வழியோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்பது அதன் சாரம். அதாவது நாம் தாய்மொழி என்று சொல்வது தந்தைமொழியாம்.

எனக்கு இது முழுக்க ஒப்பவில்லை. புள்ளிவிவரம் சரியாக இருக்கலாம், ஆனால் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் அப்பா எங்கே வருகிறார்? எங்கள் அப்பா அம்மாவுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. காலையில் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார், வந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிற ஆள் இல்லை. அம்மாவின் வாயில் தமிழை ஏற்றியது ஆயா. அந்த ஆயாவும் வேறு ஊரிலிருந்து வந்தவர்தான், அவரைத் திருத்தியது அவருடைய மாமியார். அம்மா அந்தப் பேச்சை எங்களுக்குக் கொடுத்தார். என் மனைவி வேப்பனப்பள்ளிப் பெண், தெலுங்கு வீடு, வந்த புதிதில் என் மனைவியின் தமிழைத் திருத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சீப்புரு கேட்ட அதே அம்மா. "நீள்ளு இல்லம்மா, தண்ணி" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

ஆக இரண்டு சங்கிலி ஓடுகிறது, இரண்டுமே பெண்கள் கையில். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது ஒன்று, அது ரத்தத்தில் போகிறது, ஊரை விட்டு ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போவது இன்னொன்று, அது வீட்டை விட்டு நகர்வதில்லை. எங்கள் வீட்டுத் தமிழுக்குப் பெயர் வைப்பதென்றால் மாமியார்மொழி என்று வைக்கலாம். எங்கள் நர்சரிப் பேச்சிலும் இப்படி ஒரு கோளாறு உண்டு, குச்சி வெட்டுகிற மரத்துக்குத்தான் தாய்மரம் என்று பெயர், செடியைத் தாங்கி நிற்கிற வேருக்கு வெறும் கொட்டைச்செடி. தாய்மரம் என்று ஏன் சொல்கிறோம் என்று அப்பாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் சொல்றாங்க, நாமளும் சொல்றோம்" என்றார்.

எங்கே போய் வாழ்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம் என்பதற்குத் தாய்லாந்தில் அழகான ஒரு சான்று இருக்கிறது. அங்கே மலைவாழ் மக்களில் சில கூட்டத்தில் பெண் கணவன் வீட்டுக்குப் போவாள், சில கூட்டத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். 2001-இல் வெளியான ஆய்வில் இரண்டு வகையிலும் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். பெண் நகரும் கூட்டத்தில் தாய்வழிகள் பல தினுசு, தந்தைவழிகள் குறைவு. மாப்பிள்ளை நகரும் கூட்டத்தில் அப்படியே தலைகீழ். யார் பெட்டியைத் தூக்குகிறார்களோ அவர்களின் வழி பரவுகிறது. சந்தூரில் எங்கள் தெருவில் இருபது வீட்டுப் பெண்களிடம் எடுத்தால் இருபது ஊர்த் தாய்வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன், ஆண்களிடம் எடுத்தால் இரண்டோ மூன்றோ.

வீட்டோடு மாப்பிள்ளைகளின் கதை பசிபிக் கடலில் இருக்கிறது. பாலினீசியத் தீவுகளில் பேசுவது ஆஸ்ட்ரோனீசிய மொழிகள், தைவான் பக்கத்திலிருந்து தீவு தீவாகக் கிளம்பி வந்த குடும்பம். அங்கே தாய்வழியில் 94 விழுக்காடு ஆசியா. ஆண்வழியில் மூன்றில் இரண்டு பங்கு மெலனீசியா, வழியில் இருந்த நியூ கினிப் பக்கத்து ஆண்கள். வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள் பெண் வீட்டுப் பேச்சைப் பேசியிருக்கிறார்கள். மொழியியலாளர்கள் உறவுமுறைச் சொற்களை வைத்து அந்தப் பழைய சமூகத்தில் பெண்வழிக் குடும்பம் இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள், இரண்டும் பொருந்துகிறது. மடகாஸ்கர் இதைவிட விசித்திரம். ஆப்பிரிக்கக் கரையோரத்தில் இருந்துகொண்டு, போர்னியோத் தீவில் பேசும் மாஅன்யான் என்ற மொழிக்கு நெருங்கிய மொழியைப் பேசுகிறார்கள். 2012-இல் ஒரு கணக்குப்படி சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்த இந்தோனேசியப் பக்கத்துப் பெண்கள் ஏறத்தாழ 30 பேர். முப்பது பெண்கள், ஒரு பெரிய கல்யாணத்தில் முன்வரிசைப் பாயில் உட்காருகிற கூட்டம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தீவு முழுக்க இருக்கிறார்கள், பேச்சும் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக பசிபிக்கிலேயே இருக்கும் வனுவாட்டுத் தீவுகள். அங்கே 3,000 ஆண்டுகளுக்கு முன் முதலில் குடியேறியவர்களின் எலும்பில் கிட்டத்தட்ட முழுக்கக் கிழக்காசிய மரபணு. இன்றைய மக்களிடம் பெரும்பகுதி பப்புவா, அதாவது நியூ கினிப் பக்கத்து மரபணு, ஆள் மாறிவிட்டது, பேசுவது மட்டும் அதே ஆஸ்ட்ரோனீசியம். வந்தவர்கள் வந்த வீட்டின் மொழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் போடும் வெற்றிக் குரலைக் கேட்டால் சங்கடமாக இருக்கிறது. அரியானாவின் ராக்கிகரியில் கிடைத்த எலும்புக்கூட்டின் டிஎன்ஏவை 2019-இல் வெளியிட்டார்கள், சிந்துவெளிக் காலத்துப் பெண், தாய்வழி யூ2பி2, மத்திய ஆசியாவுக்கு வடக்கே இருந்த புல்வெளி மேய்ப்பர்களின் மரபணு அந்தப் பெண்ணிடம் துளியும் இல்லை. உடனே "தமிழச்சி" என்று ஒரு கூட்டம், "வேதம் ஓதியவள்" என்று இன்னொரு கூட்டம். அந்த எலும்பு வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சிந்துவெளி மொழி திராவிடமாக இருந்திருக்கும் என்று எனக்கும் ஆசைதான், அதற்கு மொழியியல் பக்கத்திலிருந்து நல்ல வாதங்களும் உண்டு, ஆனால் அந்த வாதத்துக்கு யூ2பி2 சாட்சி சொல்ல முடியாது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் வந்ததாக 2022-இல் அறிவித்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, எங்கள் ஊர் டீக்கடையில் மூன்று நாள் அதே பேச்சு. இரும்பை உருக்கியவர் உலைக்குப் பக்கத்தில் நின்று என்ன மொழியில் திட்டினார் என்பதைக் கரித்துண்டு சொல்லாது.

அந்தப் புல்வெளிக்காரர்கள் விஷயத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் அந்த மரபணு வடமேற்கு வழியாக உள்ளே வந்தது, அதோடு இந்தோ-ஆரிய மொழிகளும் வந்தன என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வது. இன்றைய மக்களில் அது அதிகம் ஆண் வழியாகத் தெரிகிறது. ஆனால் ஸ்வாத் பள்ளத்தாக்கில், இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது, இரும்புக்காலக் கல்லறைகளில் எடுத்த டிஎன்ஏவில் அதே மரபணு பெரும்பாலும் பெண்கள் வழியாக வந்திருக்கிறது. ஆக அங்கேயும் யாரோ ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு, தெரியாத ஊரில், தெரியாத பேச்சில் விளக்குமாறு எங்கே என்று கேட்டிருக்கிறார்.

மருமகனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது ஒன்று மட்டும் சொன்னேன். "உன் எம்2வும் என் எம்2வும் ஒண்ணுடா. உங்கப்பனோடது வேற." அவன் சிரித்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் நிஜம் அதுதான். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காருகிறது, சீர் தாய்மாமன் செய்கிறான், இந்த மைட்டோகாண்ட்ரியா கணக்கிலும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரன் தாய்மாமன்தான், அப்பா வெளியாள். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை, அப்படிக் கட்டினால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே தாய்வழி. அத்தை மகளைக் கட்டினால், அப்பாவைப் பெற்றவளின் தாய்வழி ஒரு தலைமுறை வெளியே போயிருந்துவிட்டுத் திரும்ப வீட்டுக்குள் வரும். மாமன் மகள் என்றால் வராது. (சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி டாக்டர்கள் சொல்வதைக் கேளுங்கள், நான் இங்கே வழியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.)

எனக்கு வந்த அவ்வாவின் தாய்வழி என்னோடு முடிந்தது. என் பிள்ளைகளுக்கு வேப்பனப்பள்ளித் தாய்வழி. அக்காவுக்கு இரண்டும் பையன்கள், ஆக அக்காவோடும் முடிந்தது. பெண் பிறக்காத வீட்டில் வழி நின்றுவிடும். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, ஏனென்றால் இது எங்கள் மாவட்டம். பழைய தருமபுரி மாவட்டம், 2004-இல் கிருஷ்ணகிரி பிரிவதற்கு முன்னால் இருந்தது. பக்கத்துச் சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள், பிறகு இங்கேயும் கொண்டுவந்தார்கள், ஏன் கொண்டுவந்தார்கள் என்று இங்கே இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாவுக்குப் பிறந்தவை எத்தனை என்று கேட்டால் அம்மா "நாங்க மூணு பேரு" என்பார், அதற்கு முன்னால் என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். பத்தாயிரக்கணக்கான வருடம் ஒரு தடவைகூட அறுபடாமல் அம்மா மகள், அம்மா மகள் என்று வந்த ஒன்று, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், கள்ளிப்பாலோ நெல்மணியோ, ஒரு காலை நேரத்தில் நின்றுவிட்டிருக்கிறது. எந்த ஆய்விலும் அந்த வழிகள் வராது. எச்சில் துப்ப ஆள் இல்லை.

மிச்சம் இருப்பது சித்தி வழி. சித்தியை ஓசூர்ப் பக்கம் கொடுத்தார்கள், தெலுங்கு வீடு. சித்திக்கு ஒரே மகள், எனக்குத் தங்கை முறை. அந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள், ஆனேக்கல்லில். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஜாதகம் பொருந்தியது, பையனுக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை, முடித்துவிட்டார்கள். அவ்வாவின் அம்மா அங்கிருந்து கிளம்பி மாட்டு வண்டியில் பேரிகை வந்து கிட்டத்தட்ட நூறு வருடம் இருக்கும், மூன்று தெலுங்கு வீடு சுற்றி அந்த எம்2 திரும்ப ஆனேக்கல்லுக்கே போய்விட்டது.

தங்கைக்கு ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். தங்கையின் மாமியார் களி கிண்டி, அவரைக்காய்ச் சாறு வைத்திருந்தார். அம்மா ஒரு துண்டு பிட்டு, சாற்றில் புரட்டி, குழந்தையின் வாயருகே கொண்டுபோய், பழக்கதோஷத்தில் "சங்கடி தின்னு கண்ணா" என்றார். குழந்தை வாயைத் திறக்காமல் அம்மாவையே பார்த்தது. தங்கையின் மாமியார் பக்கத்திலிருந்து, "முத்தே, அஜ்ஜி, முத்தே அன்னி" என்று அம்மாவைத் திருத்தினார். அம்மா ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "முத்தே" என்றார். குழந்தை வாயைத் திறந்தது.